இறால் தின்றால் நிறம் வருமா?

ஜொகூரின் உலு திராமிலிருந்து சிங்கப்பூருக்குப் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகளுக்குப் பூநாரைக் குளம் மறக்காது. 1971 முதல் 2023 ஜனவரி வரை அந்தக் குளம் ஜூரோங் பறவைப் பூங்காவில் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் பூங்கா மண்டாய்க்கு இடம் மாறித் திறந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் அந்தப் பறவைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு எப்படி இந்தக் கலர் வந்துச்சு?" என்பதுதான். ஆசிரியரும் பெற்றோரும் சொல்லும் பதிலும் ஊரறிந்தது: இறால் தின்பதால்.

அந்தப் பதிலோடு திருப்தியடையாத பிள்ளைதான் சரியான பிள்ளை. நம் வீட்டிலும் இறால் சம்பல் செய்கிறோம். நமக்கு ஏன் நிறம் மாறவில்லை? கடலோரச் சேற்றில் இறாலும் நண்டும் பொறுக்கும் கொக்கு ஏன் வெள்ளையாகவே இருக்கிறது? உலு திராமின் அத்தி மரங்களில் பழம் தின்னும் பச்சைப்புறா இறால் பக்கமே போவதில்லை. மலாய்க்காரர்கள் புனாய் காடிங் என்று அழைக்கும் அந்தப் புறாவின் ஆணுக்குக் கழுத்து முழுக்க இளஞ்சிவப்பு. பெண்ணும் அதே மரத்தில் அதே பழத்தைத்தான் தின்கிறது. அதற்கு அந்தக் கழுத்து இல்லை.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு விடை உண்டா என்று பார்ப்போம்.

செம்பனைக் குலையில் இருப்பது

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையை ஒட்டியது உலு திராம். பால் மரமும் பிறகு செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று தாமான்கள் எழுந்துவிட்டன. ஆனாலும் செம்பனைப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. உதிர்ந்த பழத்தை நசுக்கினால் விரலில் ஒட்டும் எண்ணெய் கடும் செம்மஞ்சள். ஆலையில் பிழிந்தெடுக்கும் கச்சா எண்ணெயும் அப்படித்தான் இருக்கும். கடையில் நாம் வாங்கும் சமையல் எண்ணெய் வெளிர் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், களிமண் சேர்த்து வெளுத்து, 240 பாகைக்கும் மேல் சூடாக்கி, நிறத்தையும் வாடையையும் நீக்கிவிடுவதுதான்.

அப்படி நீக்கப்படும் நிறமியைக் கரோட்டினாய்டு என்கிறார்கள். நான் இதைப் பயிர்நிறமி என்று எழுதப் போகிறேன். கச்சா செம்பனை எண்ணெயில் இது கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்கிறது. மாம்பழம், கேரட், மிளகாய், செவ்வந்தி எல்லாவற்றிலும் இதன் உறவுகள் இருக்கின்றன. பச்சை இலையிலும் உண்டு, பச்சையம் மேலே மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. செடிக்கு இது அலங்காரப் பொருளே இல்லை. வெளிச்சத்தைப் பிடித்துத் தருவதும், வெயில் அளவுக்கு மீறும்போது இலையைக் காப்பதும் இதன் வேலை.

செடிகளும் பாசிகளும் சில பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் பயிர்நிறமியைத் தாமே செய்துகொள்கின்றன. விலங்குகளால் முடியாது. அசுவினி போன்ற மிகச் சில பூச்சிகள் விதிவிலக்கு. அசுவினிக்கு இந்தத் திறன் பூஞ்சையிலிருந்து வந்த மரபணுவால் கிடைத்தது என்று 2010-இல் தெரியவந்தது. பறவைகளில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே பறவையின் இறகில் பயிர்நிறமி இருந்தால், அது ஒரு காலத்தில் ஏதோ ஒரு செடியிலோ பாசியிலோ இருந்தது என்பது உறுதி.

மஞ்சள் போதாது

வானவில்லில் இளஞ்சிவப்பு என்று ஒரு பட்டை கிடையாது. நம் ஊர்க் கல்யாண விருந்துகளில் ஊற்றும் சிராப் பாண்டுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ரோஜா சிராப் கடும் சிவப்பு. பாலில் கொஞ்சம் ஊற்றினால் இளஞ்சிவப்பு. பால் எல்லா வெளிச்சத்தையும் திருப்பியடிக்கிறது. சிராப் அதிலிருந்து பச்சைப் பகுதியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மிச்சமாக நம் கண்ணுக்கு வருவதையே இளஞ்சிவப்பு என்கிறோம்.

நிறமில்லாத இறகும் வெள்ளைதான். நகம் எந்தப் பொருளால் ஆனதோ அந்தக் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன அதன் இழைகளும், உள்ளே இருக்கும் காற்றறைகளும் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அதில் சிவப்பு நிறமி சிறிதளவு சேர்ந்தால் இளஞ்சிவப்பு வரும். மஞ்சள் நிறமியை எவ்வளவு குறைத்துச் சேர்த்தாலும் வெளிர் மஞ்சள்தான் வரும்.

புதிரின் முக்கியமான முடிச்சு இது. பறவைகளுக்கு உணவில் அதிகம் கிடைப்பவை மஞ்சளும் செம்மஞ்சளுமான பயிர்நிறமிகள். அவற்றை அப்படியே இறகில் வைத்தால் மாங்குயிலின் மஞ்சள் கிடைக்கும், பூநாரையின் நிறம் கிடைக்காது. இடையில் யாரோ அதைச் சிவப்பாக்க வேண்டும்.

இறால் அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. பாசியிலிருந்து பெற்ற நிறமியை அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியாக மாற்றித் தன் ஓட்டில் வைத்துக்கொள்கிறது. பச்சை இறால் சாம்பலும் நீலமுமாகத் தெரிவது ஏனென்றால், ஓட்டில் உள்ள ஒரு புரதம் அந்த நிறமியை இறுகப் பிடித்து அதன் நிறத்தையே திரித்துவிடுகிறது. வாணலியில் சூடு ஏறியதும் புரதம் உருக்குலைந்து பிடி விடுகிறது. சிவப்பு வெளியே வருகிறது. அடுப்படியில் நடக்கும் இந்த மாற்றத்தில் புதிதாக எந்தச் சாயமும் உண்டாவதில்லை. முன்பே இருந்தது தெரிய ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.

உப்பளத்திலிருந்து கழுத்து வரை

இப்போது ஒரு பூநாரையை எடுத்துக்கொண்டு, அதன் நிறத்தை முதலிலிருந்து முடிவு வரை பின்தொடர்வோம். மிருகக்காட்சிப் பறவை வேண்டாம், காட்டுப் பறவையே ஆகட்டும். தமிழ்நாட்டில் கோடியக்கரை, பழவேற்காடு, தனுஷ்கோடி ஆகிய இடங்களுக்குக் குளிர்காலத்தில் வரும் பெரும் பூநாரை அது. தனுஷ்கோடியை 2025-இல் தமிழக அரசு இந்தப் பறவைக்காகவே சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் இவை கூட்டமாக முட்டையிடும் புகழ்பெற்ற இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. பறவையியலாளர் சாலிம் அலி 1945-இல் அங்கே போய் அந்தப் 'பூநாரை நகர'த்தைப் பார்த்து எழுதினார்.

உப்பளத்து நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறும். மீன்கள் அங்கே வாழ முடியாது. டுனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி வாழும். கொளுத்தும் வெயிலிலிருந்து தப்ப அது உடம்பு நிறையப் பயிர்நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. சில உப்பளங்களில் தண்ணீரே சிவந்து கிடப்பதற்கு இந்தப் பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளும் காரணம். அந்தப் பாசியை உப்புநீர் இறால் தின்கிறது. சம்பலுக்கு ஆகும் இறால் இல்லை இது. வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைக்கிறது. தடித்த நாக்கு நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் இயங்கி நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய தகடுகள் இறாலையும் பாசியையும் நிறுத்திக்கொள்கின்றன. பயிர்நிறமி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே குடலில் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதங்களின் மேல் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது.

நிறம் உண்மையில் உருவாவது அங்கேதான். நீளமான பயிர்நிறமி மூலக்கூறின் இரண்டு முனைகளிலும் ஒவ்வோர் ஆக்சிஜன் அணு பொருத்தப்படுகிறது. செம்மஞ்சளாக இருந்த பீட்டா கரோட்டின் காந்தாசாந்தின் ஆகிறது. இரண்டே அணுக்கள்தான். ஆனால் அந்த மாற்றத்தால் மூலக்கூறு விழுங்கும் வெளிச்சம் நீலத்திலிருந்து பச்சைப் பக்கம் நகர்கிறது. அதனால் அது சிவப்பாகத் தெரிகிறது. பூநாரையின் இறகில் இருக்கும் முதன்மையான நிறமி இந்தக் காந்தாசாந்தின்.

அடுத்து இறகு. வளரும் இறகுக்கு இரத்த ஓட்டம் உண்டு. தோலில் உள்ள இறகுக்குழியில் செல்கள் அடுக்கடுக்காக வளரும்போது இரத்தத்திலிருந்து நிறமி அவற்றுக்குள் போகிறது. இறகு முழுதாக வளர்ந்ததும் இரத்தம் நின்றுவிடும். அதன்பின் அது உயிரற்ற பொருள். அதற்குப் பிறகு பறவை எதைத் தின்றாலும் அந்த இறகின் உள்நிறம் மாறாது. அடுத்த இறகுதிர்வு வரை காத்திருக்க வேண்டும். பழைய மிருகக்காட்சிச் சாலைகளில் பூநாரைகள் வந்து சேர்ந்து சில மாதங்கள் நன்றாக இருந்து, பிறகு இறகு உதிர்த்து வெளுத்துப் போனதற்குக் காரணம் இதுவே. முதலில் கேரட்டும் மிளகாயும் இறாலும் கலந்து கொடுத்தார்கள், பின்னர் காந்தாசாந்தினையே தீவனத்தில் சேர்த்தார்கள். நிறம் திரும்பியது.

சிறகடியில் தெரியும் கறுப்பு இறகுகளுக்கு இந்தக் கதையில் இடமில்லை. அது மெலனின். நம் தலைமுடிக்கும் கறுப்பைத் தருவது அதுதான். பறவை அதைத் தானே செய்துகொள்கிறது.

பூநாரைக் குஞ்சு பொரியும்போது சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். முழு நிறம் வரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்கு முதல் சில வாரங்கள் உணவு, தாயும் தந்தையும் தொண்டைப் பையிலிருந்து சுரந்து ஊட்டும் ஒரு பால். புறாக்களும் இப்படிப் பால் சுரக்கின்றன. பறவைகளில் மிகச் சிலவே இதைச் செய்கின்றன. பூநாரையின் பால் சிவப்பு. பெற்றோரின் உடம்பில் சேர்ந்திருந்த காந்தாசாந்தின் அதில் போய்விடுகிறது. குஞ்சு வளர்க்கும் பருவத்தில் பல பூநாரைகள் வெளிறித் தெரிவது இதனால். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தாய் வெளுத்து நிற்கிறாள் என்று சொன்னால் அது உவமையே இல்லை, உடலியல்.

இன்னொன்றும் உண்டு. உயிரற்ற இறகின் உள்நிறத்தை மாற்ற முடியாது என்றேன். மேலே பூசலாம். ஸ்பெயினில் ஹுவான் அமாத்தும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் பூநாரைகள் வாலடிச் சுரப்பியிலிருந்து வரும் எண்ணெயைக் கன்னத்தால் தொட்டுக் கழுத்திலும் முதுகிலும் தேய்த்துக்கொள்வதைக் காட்டினார்கள். அந்த எண்ணெயில் பயிர்நிறமி இருக்கிறது. துணை தேடும் மாதங்களில் இந்தப் பூச்சு அதிகம், ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம். அந்தப் பருவம் முடிந்ததும் பூசுவது குறைகிறது, சில நாட்களிலேயே கழுத்து வெளிறுகிறது. எனக்குத் தெரிந்து பறவை உலகில் இதைவிட வியப்பான பழக்கங்கள் மிகக் குறைவு.

ஆப்பிரிக்க உவர் ஏரிகளிலும் குஜராத்திலும் இலட்சக்கணக்கில் கூடும் சிறு பூநாரை, பெரும் பூநாரையைவிட ஆழ்ந்த நிறம் கொண்டது. அது பெரும்பாலும் இறால் தின்பதில்லை. ஸ்பைருலினா என்று நாம் மாத்திரையாக வாங்கும் நீலப்பச்சைப் பாசியையே நேரடியாக வடித்துத் தின்கிறது. எனவே குளக்கரையில் சொல்லப்படும் பதிலைத் திருத்த வேண்டும். இறால் ஒரு சுமைகாரன் மட்டுமே. சரக்கு பாசியுடையது, கைவேலை பறவையுடையது.

நமக்கு ஏன் வரவில்லை

அந்தக் கைவேலையைச் செய்வது நொதி என்ற புரதம். எந்த நொதி என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கூண்டுப் பறவை உதவியது. 1920களில் ஜெர்மனியில் ஹான்ஸ் டுங்கர் என்ற ஆசிரியர், மஞ்சள் கேனரியை வெனிசுவேலாவின் சிவப்புச் சிறுகுருவியோடு இணைத்துச் சிவப்புக் கேனரியை உருவாக்க முயன்றார். அதிலிருந்து வந்த வம்சம் இன்றும் இருக்கிறது. 2016-இல் மஞ்சள், சிவப்புக் கேனரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, சிவப்புக்குக் காரணமாக ஒரு மரபணு அகப்பட்டது. அதே நாட்களில் இன்னொரு குழு, வரிக்குருவியின் சிவந்த அலகில் அதே மரபணுவைக் கண்டது. 2022-இல் அதற்குத் துணைநிற்கும் இரண்டாவது நொதியும் தெரியவந்தது. முதல் நொதியும் இரண்டாவதும் சேர்ந்தால்தான் மஞ்சள் முழுமையாகச் சிவப்பாகும்.

இறகில் சிவப்பு இல்லாத பறவைகளிடமும் முதல் நொதியின் மரபணு இருக்கிறது. அவை அதை இறகுக்குப் பயன்படுத்தவில்லை, கண்ணுக்குப் பயன்படுத்துகின்றன. பறவைக் கண்ணின் வண்ண உணர்விகளில் நுண்ணிய சிவப்பு எண்ணெய்த் துளிகள் உண்டு. நிறங்களை நுட்பமாகப் பிரித்தறிய அவை உதவுகின்றன. முதலில் பார்ப்பதற்காக இருந்த கருவி, பிறகு சில பறவைகளில் பார்க்கப்படுவதற்கும் பயன்பட்டது என்று தெரிகிறது.

பாலூட்டிகளான நம்மிடம் அந்த மரபணு இல்லை. உணவில் வரும் பீட்டா கரோட்டினை நாம் வெட்டி வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறோம். மீந்தது தோலடிக் கொழுப்பில் கொஞ்சம் தங்கும். தினமும் கேரட் கூழ் ஊட்டப்படும் குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாவதைச் சில தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். ஆயத்தமான காந்தாசாந்தினையே நிறைய விழுங்கினால் மனிதனும் நிறம் மாறுவான். 1980களில் வெயிலில் நிற்காமலே தோலைக் கருக்கிக்கொள்ள மேலைநாடுகளில் இதை மாத்திரையாக விற்றார்கள். தோல் செம்பழுப்பானது உண்மை. கூடவே விழித்திரையில் பளபளக்கும் படிகங்களும் படிந்தன. மருத்துவர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

கொக்குக்கு வருவோம். நிறமி உடம்புக்குள் வந்தாலே போதாது, எங்கே தங்கவிடுவது என்பதையும் உடம்பு முடிவு செய்கிறது. பசாரில் தொங்கும் கோழிகளில் சிலவற்றின் தோல் மஞ்சள், சிலவற்றின் தோல் வெள்ளை. இரண்டும் ஒரே தீவனம் தின்றிருக்கலாம். வெள்ளைத் தோல் கோழியின் தோலில் பயிர்நிறமியை உடைக்கும் நொதி ஒன்று வேலை செய்கிறது. மஞ்சள் தோல் கோழியின் தோலில் அது அடங்கியிருக்கிறது. இந்த மஞ்சள் தோல் மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக் கோழிக்கு வந்தது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது.

அதே நொதி 2020-இல் மறுபடி செய்தியானது. ஆண் ஒரு நிறமும் பெண் ஒரு நிறமுமாக இருக்கும் ஒரு கேனரி வகையில், பெண்ணின் இறகுக்குழிகளில் இந்த உடைப்பு வேலை மும்முரமாக நடப்பது தெரிந்தது. நிறமி வந்து சேர்கிறது, சேர்ந்த இடத்திலேயே அழிக்கப்படுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில் ஒரே பழம் தின்று வெவ்வேறு நிறம் காட்டுவது எப்படிச் சாத்தியம் என்பதற்கு ஒரு தெளிவான வழி கிடைத்தது.

செம்பனை தின்னும் கிளி

இதுவரை வந்த கணக்கை உலு திராமிலேயே சோதிக்கலாம். ஜொகூரின் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நீலவால் நீண்ட ஒரு கிளி கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும். ஆணின் முகத்தில் கன்னம் முதல் பிடரி வரை அழகான செவ்விளஞ்சிவப்பு. இந்தக் கிளிக்குச் செம்பனைப் பழம் மிகவும் பிடிக்கும். பயிர்நிறமி இவ்வளவு செறிந்த உணவைத் தின்னும் பறவையின் முகம் சிவந்திருந்தால், பழத்தின் நிறம்தான் முகத்தில் ஏறியது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

அது தவறு. கிளிகளின் இறகில் பயிர்நிறமி இல்லை. 2004-இல் பஞ்சவர்ணக்கிளிகளைச் சோதித்தபோது, இறகு வளரும் நேரத்தில் அவற்றின் இரத்தத்தில் பயிர்நிறமி ஓடிக்கொண்டிருந்தது. இறகில் ஒரு துளியும் சேரவில்லை. இறகில் இருந்தது முற்றிலும் வேறு பொருள். கிளிகளைத் தவிர வேறெந்தப் பறவையிலும் காணப்படாத அதைக் கிளிநிறமி என்று சொல்லலாம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, இளஞ்சிவப்பு அனைத்தையும் கிளிகள் இதை வைத்தே, வளரும் இறகுக்குள்ளேயே செய்துகொள்கின்றன. செய்யும் நொதி எது என்பது 2017-இல் கூண்டுகளில் வளர்க்கும் பட்ஜிக் கிளியின் மூலம் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவின் காலா என்ற சாம்பல் முதுகுக் காக்கட்டூ, மார்பு முழுக்க ஆழ்ந்த இளஞ்சிவப்பு. அது வறண்ட புல்வெளிகளில் புல்விதை பொறுக்கித் தின்னும். நிறத்துக்கு அது உணவை நம்பியிருக்கவில்லை. கூண்டில் அடைத்து எந்தத் தானியம் போட்டாலும் பூநாரையைப் போல வெளுக்காது.

ஆகவே இளஞ்சிவப்பைப் பார்த்ததும் உணவைத் தேடிப் போவது சரியான முறையாகாது. முதலில் அது எந்தப் பொருள் என்று கேட்க வேண்டும்.

ஒரே குடும்பத்தில் மூன்று வழிகள்

புறாக் குடும்பம் இதை இன்னும் அழகாகக் காட்டுகிறது. கோயில் கோபுரத்திலும் அடுக்குமாடி வீடுகளிலும் அடையும் மாடப்புறாவின் கழுத்து, தலையை அசைக்க அசைக்கப் பச்சையும் ஊதா கலந்த இளஞ்சிவப்புமாக மாறும். அங்கே சிவப்பு நிறமியே இல்லை. இறகின் நுண்ணிழைகள் மேல் முடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கை ஒத்த படலம் ஒன்று இருக்கிறது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் கூடுகின்றன, சில அழிகின்றன. புள்ளிப்புறாவின் மார்பில் தெரியும் மங்கிய செம்மை மெலனின் வகையைச் சேர்ந்தது. வெயிலில் நின்றாலும் நிழலில் நின்றாலும் அது மாறாமல் இருக்கும்.

மூன்றாவது வழி பழந்தின்னிகளுடையது. மலேசியக் காடுகளில் ஆணின் முகம் செக்கச்சிவந்து, வெள்ளை மார்பில் இளஞ்சிவப்புத் தீற்றலோடு இருக்கும் புனாய் ஜம்பு அந்தக் கிளையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவிய இந்தப் பழப்புறாக்களின் இறகுகளில்தான் ரோடோசாந்தின் என்ற சிவந்த பயிர்நிறமி கண்டறியப்பட்டது.

ரோடோசாந்தின் உணவிலிருந்து நேராக இறகில் ஏறினால் என்னவாகும் என்பதற்கு வட அமெரிக்காவில் ஓர் இயற்கைச் சோதனையே நடந்தது. அங்குள்ள ஒரு மெழுகுச்சிறகுக் குருவிக்கு வால் நுனி வழக்கமாக மஞ்சள். 1960கள் முதல் கிழக்குப் பகுதியில் செம்மஞ்சள் நுனியோடு சில பறவைகள் தென்பட்டன. ஒரு மரங்கொத்தியின் மஞ்சள் சிறகடியிலும் அங்கங்கே சிவப்பு வந்தது. மேற்கிலுள்ள சிவப்புச் சிறகு மரங்கொத்தியோடு கலப்பு நடந்திருக்கும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கனடாவின் ஜோஸ்லின் ஹூடோனும் உடனிருந்தவர்களும் இறகைச் சோதித்தபோது ரோடோசாந்தின் கிடைத்தது. தோட்ட அழகுக்காக ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்டுக் காடெங்கும் பரவிவிட்ட ஒரு புதர்ச்செடியின் பழத்தில் அந்த நிறமி இருந்தது. இறகு வளரும் பருவமும் பழம் பழுக்கும் பருவமும் ஒன்றாக அமைந்தன. நட்டவர்கள் நினைத்துப் பார்க்காத விதத்தில், ஒரு செடி ஒரு கண்டத்துப் பறவைகளின் இறகில் நிறத்தை மாற்றியது.

இது எனக்குக் கவலையும் தருகிறது. துணையின் நலத்தை நிறத்தைப் பார்த்து எடைபோடும் பறவைகளுக்கு, நிறம் எங்கிருந்தோ இலவசமாகக் கிடைத்துவிட்டால் அந்த எடைக்கல் பொய்யாகிறது. வீட்டு வேலிக்கு எந்தச் செடியை வைக்கிறோம் என்பது அவ்வளவு சின்ன முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

இருட்டில் மட்டும் தெரிவது

செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றுகிறார்கள். பகலில் அந்த ஆந்தையின் சிறகடி வெறும் வெள்ளை. புற ஊதா விளக்கை அதன் மேல் காட்டினால் புது இறகுகள் பளிச்சென்று இளஞ்சிவப்பாக ஒளிரும். இரத்தத்தின் சிவப்புப் பொருளை உடம்பு தயாரிக்கும் வழியில் உண்டாகும் போர்ஃபிரின் என்ற நிறமியே காரணம். வெயில் பட்டால் அது சிதைந்துவிடும். எனவே பழைய இறகு மங்கலாகவும் புதியது பிரகாசமாகவும் ஒளிரும். ஆந்தைக்கு வயது கணக்கிட ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கல்கத்தாச் சந்தையின் வாத்து

எந்தப் பொருள் என்று கேட்பது முக்கியம் என்றேன். கேட்க உயிருள்ள பறவையே இல்லாவிட்டால்?

கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் உயரப் புல் சூழ்ந்த குட்டைகளில் ரோஜாத்தலை வாத்து என்று ஒரு பறவை வாழ்ந்தது. உடல் கரும்பழுப்பு. ஆணின் தலையும் கழுத்தும் ரோஜா நிறம். குளிர்காலத்தில் கல்கத்தாச் சந்தைகளில் வேட்டையாடிகள் கொண்டுவந்து விற்ற வாத்துகளில் இதுவும் சில சமயம் இருக்கும். சதுப்புகள் வயலாக வயலாக, வேட்டை பெருகப் பெருக, அது அரிதாகி மறைந்தது. காட்டில் ஐயமின்றிப் பார்க்கப்பட்ட கடைசிப் பறவை 1935-இல் பீகாரின் தர்பங்கா பகுதியில் சுடப்பட்டது. மிஞ்சியவை அருங்காட்சியகங்களில் உள்ள பாடம் செய்த உடல்கள் மட்டுமே.

இறகின் நிறமியைக் கண்டறிய வழக்கமான முறை, இறகைப் பிடுங்கி நறுக்கிக் கரைசலில் போட்டு நிறத்தைப் பிரித்தெடுப்பது. இனி ஒன்றுகூடக் கிடைக்காத பறவையிடம் அதைச் செய்ய எந்த அருங்காட்சியகமும் தயங்கும். வேறு வழி ஒன்று அந்த வாத்து விற்கப்பட்ட அதே நகரத்தில் பிறந்திருந்தது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவின் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகளின் முடிவு 1928 பிப்ரவரி 28 அன்று உறுதியானது. ஒரு பொருளின் மேல் ஒற்றை நிறக் கதிரைப் பாய்ச்சினால், சிதறித் திரும்பும் வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் அணுக்கள் எப்படிப் பிணைந்து அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. எனவே திரும்பும் வெளிச்சத்தை வைத்து மூலக்கூறை அடையாளம் காணலாம். இந்தச் சோதனையில் மிகத் தெளிவாகப் பதிலளிக்கும் பொருட்களில் பயிர்நிறமியும் ஒன்று.

டேனியல் தாமஸ், ஹெலன் ஜேம்ஸ் இருவரும் ராமனின் முறையை லேசர் கதிரோடு அந்த வாத்தின் பாடம் செய்த உடல்களில் பயன்படுத்தி 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் இறகையும் நறுக்கவில்லை. திரும்பி வந்த வெளிச்சத்தில் இருந்தது பயிர்நிறமியின் அடையாளம். வாத்துக் குடும்பத்தில் இறகில் இப்படி ஏறுவது மிக அரிது. வங்கத்து, பீகாரத்துக் குட்டைகளில் ஏதோ ஒரு பாசியோ செடியோ செய்த நிறமி, உணவாக அந்த வாத்துக்குள் போய், கழுத்து இறகில் ஏறி, பறவை போய் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் சோதிக்கும் நிலையில் இருந்தது.